துடைத்தெறியப்பட்ட பாதி

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்தத் திட்டம் நடந்த காலம் முழுவதையும் சேர்த்தால் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயிருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளில் பலவற்றுக்கு அதுதான் முதல் கணினி. அம்மா விடிகாலையில் கம்பெனி பஸ் பிடித்து ஷூ தைக்கப் போவார். அப்பாவுக்கு டேனரியில் வேலை. அலமாரியில் துணி போர்த்தி ஒரு லேப்டாப். நான் படித்தது சுயநிதிப் பொறியியல் கல்லூரி என்பதால் எனக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் பொறாமைதான்.

அந்த மடிக்கணினியை ஆன் செய்தால் முதலில் ஒரு கறுப்புத் திரை வந்து, எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்கும். ஒரு பக்கம் விண்டோஸ். மறு பக்கம் பாஸ் லினக்ஸ். நான் பார்த்தவரை, எங்கள் ஊரில் இந்த இரண்டாவது பாதி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நேராகக் கடைக்கு எடுத்துப் போவார்கள். "அண்ணே, இந்த லினக்ஸத் தூக்கிட்டு ஃபுல்லா விண்டோஸ் போட்டுக் குடுங்க." லினக்ஸ் இருந்த இடத்தில் சினிமா ஏறும்.

துடைத்தெறியப்பட்ட அந்தப் பாதிக்கு ஒரு வரலாறு உண்டு, அதுவும் தமிழ்நாட்டு வரலாறு. திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005இல் சென்னை சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து நடத்த ஆரம்பித்தன. டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், அங்கே பிறந்து 2007இல் வெளிவந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில், எல்காட் நிறுவனத்தின் தலைமையில் இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அரசு அலுவலகக் கணினிகளில் சூசே லினக்ஸைக் கொண்டுவந்துகொண்டிருந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போதைய பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் எம்.எஸ். ஆபீஸ் கிடையாது, ஸ்டார் ஆபீஸ்தான். நாங்கள் ஸ்டார் ஆபீஸ் ரைட்டரின் மெனுக்களை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு, பிரவுசிங் சென்டருக்குப் போய் வேர்டில் பயோடேட்டா அடித்தோம்.

ஆக, 2011இல் லினக்ஸ் திடீரென்று வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. ஆனால் கூடவே ஒரு ஆள் வரவில்லை. பக்கத்து மாநிலத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைப் பாருங்கள். கேரளம் முதலில் ஆசிரியர்களைத்தான் பழக்கியது. பாடம், லேப், பத்தாம் வகுப்புத் தேர்வு எல்லாம் லினக்ஸிலேயே நடக்கும்படி மெல்ல மெல்ல மாற்றியது. இங்கே நாம் பிள்ளையின் கையில் இரண்டு கதவு உள்ள பெட்டியைக் கொடுத்தோம். இரண்டாவது கதவுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல பள்ளியிலும் ஆளில்லை, கடையிலும் ஆளில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அந்த ஏப்ரலிலேயே தமிழக அரசு தன் துறைகளுக்கு, எக்ஸ்பி ஓடும் கணினிகளில் பாஸ் லினக்ஸைப் போடச் சொன்னது. மாணவன் காசு கொடுத்து அழித்ததை அலுவலகம் உத்தரவு போட்டு நிறுவியது.

சரி, கணினிக்கு எப்படி வயதாகிறது? செயலி தேய்வதில்லை. 2012இல் ஒரு நொடியில் போட்ட கணக்கை இன்றும் அதே நொடியில்தான் போடும். தேய்வது பேட்டரி, ஹார்ட் டிஸ்க், மின்விசிறி, கீல், இவைதான். மற்றபடி நாம் "ஸ்லோ ஆயிடுச்சு" என்று சொல்வதெல்லாம் மென்பொருள் கனத்துப்போனதைத்தான். 2 ஜிபி நினைவகத்தில் விண்டோஸ் 10 போட்டால், எதையும் திறப்பதற்கு முன்பே பாதிக்கு மேல் போய்விடும். மிச்சத்துக்கு ஹார்ட் டிஸ்க்கைத் தேய்க்கும். அந்தக் கரகர சத்தம் தெரியுமில்லையா?

லினக்ஸ் உலகத்திலும் இந்தக் கனம் ஏறியதுதான். 2011 ஏப்ரலில் வந்த நோம் 3 பார்க்க அழகு, ஆனால் பழைய கணினிகளுக்குப் பாரம். இதற்கு எதிர்த்திசையில் ஒரு சிறு மரபு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் பேரி காலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், முழுதாக நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஹார்ட் டிஸ்க் இல்லாமலே ஓடும். தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ 2006இல் எல்.எக்ஸ்.டி.ஈ. என்ற சிக்கனமான முகப்பைத் தொடங்கினார். அதைப் போர்த்திய லுபுண்டு, உபுண்டு குடும்பத்தில் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2011 அக்டோபரில். காக்களூர் விழா முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை! அந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. பாஸும் டெபியன்தான், அதில் முகப்பை மாற்ற நான்கைந்து கட்டளைகள் போதும். அந்த நான்கைந்து கட்டளைகளைத் தெரிந்த ஒருவர் ஊருக்கு ஒருவராவது வேண்டியிருந்தது.

2020 ஊரடங்கில் அத்தை பெண்ணின் லேப்டாப் என்னிடம் வந்தது. 2012இல் வாங்கியது. அவள் கல்யாணமாகி, மகன் மூன்றாம் வகுப்பு. ஆன்லைன் கிளாஸுக்கு வீட்டில் இருப்பது ஒரே போன், அதை மாமா கம்பெனிக்கு எடுத்துப் போய்விடுவார். பரணிலிருந்து இறக்கிய லேப்டாப் விண்டோஸ் திறக்கவே ஏழு நிமிடம் எடுத்தது. "இத எடைக்குப் போட்டுடலாமா மாமா?" என்றாள். கிரேக்கத்திலிருந்து வரும் ஆன்டிஎக்ஸை பென் டிரைவில் ஏற்றிப் போட்டேன். இதுவும் டெபியன் வழிதான். திறந்ததும் பார்த்தால் நினைவகத்தில் 200 எம்பிகூடத் தொடவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினேன். அதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆனது.

இதை மந்திரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இயங்குதளம் எவ்வளவு இளைத்தாலும் பிரவுசர் இளைக்காது. நாலு டேப் திறந்தால் 2 ஜிபி மூச்சு வாங்கும். பையன் கூகுள் மீட்டில் இருக்கும்போது வேறெதையும் தொடக்கூடாது என்று அம்மா காவல் இருந்தாள். எங்கள் பக்கம் சின்னக் கம்பெனிகளின் கணக்கெல்லாம் டேலியில் ஓடுகிறது, அதற்கு விண்டோஸ்தான் வேண்டும். தவிர, லினக்ஸும் என்றென்றைக்கும் காத்திருக்காது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுத ஆரம்பித்ததே ஒரு 386 கணினியில். அதே 386க்கான ஆதரவை 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து எடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கு நிறுவியே இல்லை.

எடைக்குப் போட்டால் என்ன என்ற கேள்வி இந்த ஊரில் கொஞ்சம் வேறுமாதிரி ஒலிக்கும். பாலாற்றங்கரைக் கிணறுகளைத் தோல் கழிவு என்ன செய்தது என்று கேட்டு வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ராணிப்பேட்டையில் மூடிய ஆலையின் குரோமியக் கழிவு மலைபோல் கிடந்ததை நாங்கள் பஸ்ஸில் போகும்போது கைகாட்டிப் பேசியிருக்கிறோம். ஈயமும் காட்மியமும் உள்ள சர்க்யூட் போர்டுகள் பழைய இரும்புக் கடைக்குள் போனபின் என்னாகும் என்று கற்பனை செய்ய எங்களுக்குப் பெரிய முயற்சி வேண்டியதில்லை.

2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு, இரண்டு ஆண்டுகளில், டேப்லெட் அல்லது மடிக்கணினி தருவதாக அறிவித்தார்கள். புதியவை வரட்டும். பரணில் இருப்பவற்றின் கதை இன்னும் முடியவில்லை. ஆம்பூரில் நான் உதிரிபாகம் வாங்கும் கடை பாய் ஒருமுறை நான் போட்டதைப் பார்த்துவிட்டு, "அந்த பென் டிரைவ எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடு தம்பி" என்றார். இப்போது 2 ஜிபி லேப்டாப்போடு வருகிறவர்களிடம் அவர் இரண்டே கேள்வி கேட்கிறார். டேலி வேணுமா? பிரிண்டர் என்ன மாடல்? இரண்டுக்கும் சரியான பதில் வந்தால் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார்.