ஹெரால்ட் காரின் இடைவெளிகள்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கதவுக்கும் பானட்டுக்கும் நடுவில் ஒரு பக்கம் விரல் நுழையும். மறுபக்கம் போஸ்ட் கார்டு நுழையாது. "மெட்ராஸில் பூட்டினது, வேறெப்படி இருக்கும்?" என்று நாமும் சிரித்திருக்கிறோம். நம் ஊர்த் தொழிலாளி மேல் போட்ட அந்தப் பழி நியாயமில்லாதது. அதன் வேர் 1953-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரத்தில் இருக்கிறது.

ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. அதைப் போட்டியாளரான பி.எம்.சி. அந்த வருடம் விலைக்கு வாங்கிவிட்டது. எதிரி கம்பெனி நம் புது மாடலுக்கு பாடி செய்து தருமா? முழு பாடியையும் ஒரே கூடாக வெல்டிங் செய்வது நாகரிகமாகிவந்த காலம். ஆனால் ஸ்டாண்டர்டுக்கு அதைச் செய்துகொடுக்க ஆளில்லை. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்கே திரும்பினார்: தனி சேஸ், அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டும் பாடி. வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் மிக்கலாட்டி. துண்டுகள் வெவ்வேறு ஆலைகளிலிருந்து வந்தன. ஒவ்வொன்றிலும் மயிரிழை வித்தியாசம். சேர்த்துப் பூட்டினால் விரலளவு. 1959-ல் வந்த முதல் வண்டிகள் அங்கேயே மழைக்கு ஒழுகின. 1961-ல் லேலண்ட் கைக்குப் போன பிறகுதான் தரம் தேறியது.

ஆனால் பிரித்துப் பெட்டியில் அனுப்ப அந்த அமைப்பு தோதாக இருந்தது. 1961-லேயே சென்னையில் ஹெரால்ட் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு இங்கிலாந்திலேயே இல்லாத நாலு கதவு ஹெரால்டும் இங்கே வந்தது.

இடைவெளியைச் சரிசெய்யும் விதத்தில்தான் பலர் வண்டியைக் கெடுத்தார்கள். என் வண்டியை ஒரு டிங்கரிங் கடையில் விட்டேன். சுத்தியால் தட்டி, பட்டி பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஒரே மழைக்காலம், பட்டி பெயர்ந்து வந்துவிட்டது. அப்புறம் வேறொரு வயசான மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சார், தகரத்துல ஒண்ணுமில்ல, கீழ சேஸ் கை துருப்பிடிச்சு பாடி இறங்கிப்போச்சு" என்றார்.

அவர் முதலில் துருவை வெட்டி அந்தக் கைகளை வெல்டிங் செய்தார். அப்புறம் பாடி போல்ட்டுகளைத் தளர்த்தி, கதவை மாட்டி வைத்துக்கொண்டு, சேஸுக்கும் பாடிக்கும் நடுவில் தகடு கூட்டியும் குறைத்தும் பார்த்தார். முன்னால் ஒரு தகடு கூட்டினால் கதவின் பின்மூலை இறங்கும், எடுத்தால் ஏறும். கதவுதான் அளவுகோல். எல்லோரும் முதலில் கை வைக்கும் பானட்டை அவர் கடைசியில்தான் தொட்டார். அதன் கீலிலேயே நகர்த்திக்கொள்ள இடம் உண்டு. (அந்த பானட்டைத் தூக்கிவிட்டு முன் டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். அந்த சுகம் அம்பாசடரில் ஏது?) இரண்டு நாள் வேலை. பட்டி ஒரு கரண்டிகூட வாங்கவில்லை.

இப்போது பழைய ஹெரால்டைப் பிரித்துப் புதுப்பிக்கும் இளைஞர்கள் அந்தத் தகடுகளைத் துரு என்று வீசிவிடுகிறார்கள். எந்த போல்ட்டுக்கடியில் எத்தனை இருந்தது என்று சாக்பீஸால் சேஸிலேயே எழுதி வையுங்கள். என் வண்டியில் இடது பின்பக்கம் மூன்று, வலது பின்பக்கம் ஒன்று. யாரோ ஒருவர் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்து வைத்த கணக்கு அது.