முள்ளு போச்சு, திரை வந்துச்சு

பொட்டி தட்டுற எனக்கு "பழசைக் கடாசிட்டுப் புதுசு போடு"ங்கிறதுதான் வேதம். குட்டி விமானங்களோட சரித்திரம் படிச்சப்ப கொஞ்சம் ஆடிப் போயிட்டேன் மக்கா.

1929 செப்டம்பர் 24. நியூயார்க் பக்கம் மிட்செல் ஃபீல்டுல ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவுமே தெரியாதபடி மூடின இருக்கையில உட்கார்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தைக் கிளப்பி, இறக்கிக் காட்டினார். (கூட ஒரு விமானி, ஆபத்துக்கு. மனுசன் எதையும் தொடலை!) அதுல இருந்த ஸ்பெர்ரி செயற்கை அடிவானத்தோட வாரிசுகள்தான் அப்புறம் எழுபது வருசத்துக்கு மேல ராஜ்ஜியம் பண்ணுச்சு.

2003-04 வாக்கில் சிர்ரஸ், டயமண்ட், செஸ்னான்னு வரிசையா கண்ணாடித் திரைக்குத் தாவினாங்க. 2010ல அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் கணக்கு பார்த்தா, திரை வச்ச விமானங்களுக்கு மொத்த விபத்து விகிதம் கம்மி. உயிர்ப்பலி விபத்து விகிதம் மட்டும் ஜாஸ்தி! அதுங்க நீண்ட தூரம் பறந்ததும் காரணமா இருக்கலாம். ஆனா திரை மக்கர் பண்ணா என்ன செய்யறதுங்கிற பயிற்சி பத்தலைன்னும் அறிக்கை சொல்லுது.

போன வாரம் நான் ஏத்தின ரிலீசுக்கு இன்னும் மேனுவலே எழுதல சாமி.