வானத்திலிருந்து ஒரு சாட்சி



காற்றுக்கு வரலாறு உண்டா என்று கேட்டால், உண்டு என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். சேரிக் காற்று ஊர்ப்பக்கம் வீசக் கூடாதென்று திசை பார்த்து நம்மைக் குடிவைத்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். ஆலைகள் வந்த பிறகு அதே கணக்கை நகரமும் போட்டது.

வடசென்னையைப் பாருங்கள். 1969-இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம். அது மூடப்பட்டது 2017-இல். 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையம். அதன் பிறகு 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். வெளிச்சம் நகரம் முழுவதற்கும் போனது. சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆற்றங்கரையில் தங்கியது. அங்கே வலை வீசும் மீனவரும், கழிமுகத்தில் கையால் இறால் தடவும் இருளரும், ஆலை வாசலில் தினக்கூலிக்கு நிற்கும் நம் மக்களும் அதைச் சுவாசித்தார்கள்.

கண்ணுக்குத் தெரியும் புகையைவிடத் தெரியாத துகள்தான் கொடியது. தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள் நுரையீரலின் ஆழம்வரை போகிறது. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகி, காற்றில் கலந்த பின் சல்பேட் துகளாக மாறுகிறது. புகைபோக்கி வெளுப்பாகத் தெரிவதால் காற்று சுத்தம் என்று ஆகிவிடாது.

இதை அளக்கும் கருவிகள் தரையில் சிலவே. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளும் 2002-இல் ஏவப்பட்ட அக்குவாவும் யாரிடமும் அனுமதி கேட்காமல் மேலிருந்து பார்த்தன. சூரிய ஒளி துகள்களில் பட்டுச் சிதறுவதை அளந்து, தரையிலிருந்து வானம்வரை நிற்கும் மொத்தத் தூசைக் கணக்கிட்டார்கள். அதில் மூக்கு மட்டத்தில் எவ்வளவு என்பதைக் கணினி மாதிரி கொண்டு பிரித்து, தரைக் கருவிகளோடு ஒப்பிட்டார்கள். 2004-இல் போன ஆரா, அனல்மின் நிலையங்களின் கந்தகத் தடத்தையே காட்டியது. ஆலை மறைத்தாலும் வானம் மறைக்கவில்லை.

ஆனால் இந்தச் சாட்சிக்கும் குறையுண்டு. மேகம் மூடினால் அதற்குக் கண் தெரியாது. துகளை அளக்க வெயில் வேண்டும் என்பதால் இரவில் அது குருடு. முதலில் வந்த கணக்குகள் பத்துக் கிலோமீட்டரை ஒரே கட்டமாக்கின. அந்தக் கட்டத்துக்குள் மாடிவீடும் குடிசையும் ஒரே எண். சராசரி நமக்குப் பழைய பகை. ஊருக்குக் கிணறு உண்டு என்று எழுதிவைப்பார்கள், நாம் அதில் இறங்க முடியாது.

சாட்சி இருந்தும் தீர்ப்பு வரவில்லை. அனல்மின் நிலையங்கள் கந்தக வாயுவைக் குறைக்க வேண்டும் என்று 2015-இல் விதி வந்தது. கெடு 2017. அந்தக் கெடு மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. நுண்துகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த ஆண்டு அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். இந்தியாவின் அளவு 40.

எவ்வளவு தூசு என்பதைச் செயற்கைக்கோள் சொல்லும். அதன் கீழே யாரை, எந்தக் கணக்கில், யார் குடிவைத்தார்கள் என்பதை அது சொல்லாது. அந்தப் பக்கத்தை நாம்தான் எழுத வேண்டும்.