சிற்றூரில் கேட்ட அபயக்குறி

1928 மே 25ஆம் நாள், வடதுருவத்தைக் கண்டு திரும்பிய ‘இத்தாலியா’ என்னும் ஆகாயக் கப்பல் பனிப்பரப்பில் மோதிச் சிதைந்தது. எஞ்சியோரிடம் சிறிய சிற்றலைக் கருவியொன்று தப்பியிருந்தது. கம்பியில்லாத் தந்தியாளர் பியாஜி அதனால் ஓயாது அபயக்குறி விடுத்தார். அண்மையில் நின்ற துணைக்கப்பலோ அதை அறியவில்லை. சிற்றலை மேல்வானில் பட்டுத் திரும்பித் தொலைவில் இறங்குவது; அருகிலுள்ளோரைத் தாண்டியும் செல்லும். ஆயினும், கப்பலார் இன்னும் ஊன்றிக் கேட்டிருக்கலாம்.

ஜூன் 3இல், ஆயிரம் மைலுக்கும் அப்பால், ருஷ்யச் சிற்றூரொன்றில் நிக்கோலாய் ஷ்மித் என்னும் இளைஞர் தம் கையால் அமைத்த வானொலிப் பெட்டியில் அக்குறியைக் கேட்டார். பொழுதுபோக்காகக் கற்ற கலை அது! அவர் மாஸ்கோவுக்குத் தந்தி கொடுத்தார். அதன்பின், சில நாளில் துணைக்கப்பலுடன் இருவழித் தொடர்பு ஏற்பட்டது. ஜூலை 12இல் ‘கிராசின்’ என்னும் பனியுடைப்புக் கப்பல் பியாஜி முதலானோரை மீட்டது.