பார்வையும் மறைவும்: கோரையாற்று வாத்து வேட்டை குறித்துச் சில குறிப்புகள்

வேட்டையின் வரலாறு என்று நமக்கு வாசிக்கக் கிடைப்பவை சுட்டவர்கள் எழுதிவைத்தவை. படகைத் தள்ளியவர்கள் எழுதியது ஒன்றும் என் கைக்குக் கிட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் உத்தேசத்தோடு நான் கிளம்பவுமில்லை. ஒரு சொல்லைத் தேடிப் போய் ஒரு கிழவரின் செவிட்டுக் காதில் முட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தச் சொல் 'பார்வை'. எம்.ஏ. வகுப்பில் நற்றிணை 212ஆம் பாட்டு நடந்தது. வேட்டுவனின் வலையைக் கண்டு மிரண்ட கணந்துள் பறவை கத்துகிற பாட்டு. அந்த வேட்டுவனுக்கு அடைமொழி 'பார்வை'. பேராசிரியர் 'பழக்கிய விலங்கு' என்று ஒரு வார்த்தையில் பொருள் சொல்லிவிட்டு, பாலைத்திணை, பிரிவு, மெய்ப்பாடு என்று போய்விட்டார். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்து விளாமரத்தில் கட்டிக் கிடப்பதும் பார்வை மான்தான். தன் இனத்தை ஏமாற்றி வலைக்குள் கூப்பிடுவதற்காக மனிதன் வளர்க்கும் மிருகத்துக்கு 'பார்வை' என்று பெயர் வைத்த மொழி இது. கண்ணால் காண்பதற்கும் அதே சொல். பாட்டைப் பாடியவர் குடவாயிற் கீரத்தனார். குடவாசலுக்கு எங்கள் நீடாமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். கீரத்தனார் பாலை நிலத்தைப் பாடினாலும் அவர் பிறந்த பூமி தண்ணீரும் தண்ணீர்ப் பறவையும் நிறைந்தது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து, சாலையோரத்தில் ஒருவர் மடையான் விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கால் கட்டிய பறவைகள் கூடைக்குள் கிடந்தன. ஒன்று மட்டும் தனியாகக் குச்சியில் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் இமைகள் நூலால் தைக்கப்பட்டிருந்தன. 'இது விக்கிறதுக்கில்லீங்க. இதை வயல்ல நிறுத்துனா மத்தது வந்து எறங்கும்' என்றார். கண் தெரியாததால் பறக்காது, துள்ளாது. அமைதியாக நிற்கிற ஒன்றைப் பார்த்தால் மேலே பறப்பவற்றுக்கு அந்த இடம் பத்திரம் என்று தோன்றும். 'பார்வை' என்பதன் பொருளை அன்றைக்குத்தான் படித்தேன். கண்ணைத் தைத்தால்தான் அது பார்வை. (மடையான் கறி நானும் தின்றிருக்கிறேன். இந்தக் கட்டுரையை மேலே நின்றுகொண்டு எழுதவில்லை என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன்.)

இங்கிலீஷ்காரனின் சொல் இதற்கு நேர் எதிரான திசையில் போகிறது. வேட்டைக்காரன் ஒளிந்திருந்து பார்க்கும் தட்டிக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'ப்ளைண்ட்', அதாவது குருடு. பார்க்கிறவன் இருக்கும் இடத்துக்குக் குருடு என்று பெயர். குருடாக்கப்பட்ட பறவைக்குப் பார்வை என்று பெயர். அதிகாரம் பற்றிய சொல்லாடலை இந்த இரண்டு சொற்களிலிருந்தே தொடங்கலாம் என்று உற்சாகமாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குக் கூரை வேய வந்த தாத்தா அந்தக் குறிப்பைக் குலைத்துப் போட்டார்.

அவருக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. இளவட்டத்தில் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். வெண்மணிக்கு இரண்டு வருஷம் முந்தி, அதாவது 1966 மார்கழியில், பண்ணை ஐயா அவரை முத்துப்பேட்டைக்கு வாத்து சுடக் கூட்டிப்போயிருக்கிறார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இரண்டும் தெற்கே ஓடி முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் காயலில் விழுகின்றன. எங்கள் வயலில் பாய்ந்து மிஞ்சிய தண்ணீரில்தான், வடக்கேயிருந்து பனிக்காலத்துக்கு வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அங்கே இறங்குகின்றன. ஆழம் இல்லாத காயல். கரையிலிருந்து சுட்டால் எட்டாது. படகு வேண்டும், படகு தெரியவும் கூடாது.

படகை எப்படி மாற்றினார்கள் என்று கேட்டேன். தாத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. அரைமணி நேரம் கூரையை விட்டு இறங்கி உட்கார்ந்து சொன்னார்.

'சின்ன வத்தை ஒண்ணு வாடகைக்குப் புடிச்சாங்க தம்பி. ரெண்டு பக்கப் பலகையிலயும் மூங்கிப் பிளாச்சை வளைச்சுக் கட்டுனேன். ரொம்ப ஒசரமா வச்சா காத்துல படகு சாஞ்சிரும். உக்காந்தா நெத்தி மறையுற அளவு போதும். அதுமேல கோரை. புதுப் பாயைப் போட்டுராதீங்கன்னு சொன்னேன், பளபளன்னு மின்னும். பழைய பாயைச் சேத்துல பொரட்டி, மேல பச்சைக் கோரையைச் சொருகணும். அந்த எடத்துல என்னா மொளச்சிருக்கோ அதைத்தான் சொருகணும், வேற ஊரு புல்லு ஆவாது. முன்னாடி ஒரு சாண் சந்து, குழல் நீட்ட. படகுக்குள்ள வைக்கோல் போட்டுட்டேன், காலு பட்டா பலகை சத்தம் போடும்ல.'

வாத்துக்கு உருவம் பயமில்லை, அசைவும் மினுக்கமும்தான் பயம் என்றார். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும்; அதனால் காற்று நம் முதுகுக்கு இருக்கிற மாதிரி படகை நிறுத்தினால் அது நம்மைப் பார்த்தபடியே இறங்கும். இதெல்லாம் உலகத்தில் எந்த வாத்து வேட்டைக்காரனும் சொல்வதுதான். 'அதெல்லாம் லேசு தம்பி. ஐயாவோட வெள்ளை வேட்டிதான் கஷ்டம். கட்டமாட்டேன்னு சொல்லமாட்டேங்கறாரு. கடைசியில அவரு மேல சாக்கைப் போத்தி உக்கார வச்சேன்.' சிரித்தார்.

'நீங்க எங்க உக்காந்தீங்க தாத்தா?'

'நான் எங்க உக்கார்றது? தண்ணியில நின்னு பின்னாடியிலேருந்து தள்ளுனேன். மாருக்குத் தண்ணி. என் தலையில ஒரு கோரைக்கட்டு. ஐயா எந்திரிச்சு திரும்பிச் சுட்டப்ப குழல் என் தலைக்கு மேலயே வெடிச்சுது. எடது காது அன்னியிலேருந்து மந்தம்.'

ஊசிவாலும் சிறகியும் பண்ணை வீட்டுக்குப் போயின. மீன்வாடை அடிக்கும் நாமக்கோழி இரண்டு இவருக்கு. அவர் இதைப் புகாராகச் சொல்லவில்லை. கட்டிய தட்டி நன்றாக அமைந்தது என்பதுதான் அவருக்கு இன்றும் முக்கியம். ஒரு வாத்துகூட மிரளவில்லையாம்.

ஃபூக்கோவை வாசித்தவர்களுக்கு (1975இல் வந்த நூல்) பெந்தாமின் சிறைக்கூடம் தெரிந்திருக்கும். நடுக் கோபுரத்துக் காவலன் எல்லாரையும் பார்க்கிறான், அவனை யாரும் பார்க்க முடியாது. அங்கே மறைவைக் கட்டடம் தருகிறது. காயலில் நடந்ததை அந்த வரைபடத்துக்குள் அடைக்க முடியவில்லை. அங்கே மறைவை ஓர் ஆளின் உடம்பு தந்தது. தட்டி கட்டியவன் தட்டிக்குள் இல்லை. கோரையாற்றங்கரையில் பிறந்தவன் தலையில் கோரையை வைத்துக்கொண்டு நிலக்காட்சியின் ஒரு பகுதியாகிவிட்டான். வாத்துக்கும் அவன் புல், ஐயாவுக்கும் அவன் புல். துப்பாக்கியைத் திருப்பும்போது புல்லுக்குக் காது உண்டு என்று யாருக்கு ஞாபகம் வரும்? அந்தத் துப்பாக்கிகள் வாத்தோடு நிற்கவில்லை என்பதையும் 1968 டிசம்பர் 25 இரவைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 44 பேரை எரித்தவர்கள் துப்பாக்கிகளோடும் வந்தார்கள்.

இதே கருவி வேறு இடத்தில் வேறு மாதிரி வளர்ந்தது. 1836இல் நியூஜெர்சியில் ஹேசல்டன் சீமன் என்ற படகு கட்டுபவர் 'ஸ்னீக்பாக்ஸ்' என்ற படகைச் செய்தார். கரண்டிபோல் அடிப்பகுதி, பன்னிரண்டடி நீளம், மேலே மூடிய தளம். அதன்மேல் சதுப்புப் புல்லைப் பரப்பி ஒரே ஆள் உள்ளே படுத்துக்கொள்வான். அங்கே தள்ளுகிறவன் தேவைப்படவில்லை. சுடுகிறவனே துடுப்புப் போட்டான், சந்தைக்குப் பறவை விற்றுப் பிழைத்தவர்களும் அதில் உண்டு. இன்னொன்று 'சிங்க்பாக்ஸ்': நீர்மட்டத்துக்குக் கீழே அமிழும் சவப்பெட்டி மாதிரியான பெட்டி. அதன் கொலைத்திறன் அதிகம் என்று 1935இல் அமெரிக்க அரசு தடை செய்தது. உயிருள்ள பார்வைப் பறவைகளை வைத்துச் சுடுவதையும் அதே வருஷம் தடுத்தது.

நம் சமஸ்தானங்களில் மறைவு என்பதே தேவையற்றுப் போனது. பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. கல்லில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். எண்ணிக்கை இருக்கிறது, கனவான்கள் இருக்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் பறவை பொறுக்கியவர்கள் அந்தக் கல்லில் இல்லை. அதே பரத்பூரில் 1982 நவம்பரில், சரணாலயத்துக்குள் மாடு மேய்க்கத் தடை போட்டதை எதிர்த்த கிராமத்தார் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பறவைகளைக் காப்பாற்றுவதற்காக.

ஏழையின் மறைவுக்குப் படகும் கிடையாது. சிந்துவின் மஞ்சர் ஏரியில் மொகானா மீனவர்கள் பாடம் செய்த பறவையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு நீரில் நடந்து வாத்தை நெருங்குவார்கள். பானையைத் தலையில் கவிழ்த்துப்போய் நீருக்கடியில் வாத்தின் காலைப் பிடித்து இழுக்கும் முறையை வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். வியப்பு வேறு, சட்டம் வேறு. 1912ஆம் வருஷத்துச் சட்டம் துப்பாக்கி வைத்திருந்தவனுக்குப் பருவம் வகுத்துக் கொடுத்தது. 1972 சட்டம் உரிமம் கொடுத்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமமும் போய்விட்டது. அது சரிதான் என்றே நினைக்கிறேன். கண் தைத்த மடையானைப் பார்த்தவன் வேறெப்படி நினைக்க முடியும்? ஆனால் உரிமம் இருந்த காலம் முழுக்கச் சுட்டவர் 'ஷிகாரி', கண்ணி வைத்தவர் திருடர். பெயர்கள் அப்படியே தங்கிவிட்டன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் போட்டபோது, பிடித்துக் கொடுக்கப் பீகாரிலிருந்து மீர்ஷிகார் என்னும் பரம்பரை வலைக்காரர்கள் வரவேண்டியிருந்தது. அலி ஹுசைன் என்ற பெயராவது வெளியே தெரிந்தது. அந்தமட்டில் சந்தோஷம்.

தஞ்சாவூர்-மன்னார்குடி சாலையிலுள்ள வடுவூர் ஏரி 1999இல் சரணாலயமானது, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பார்வையாளர்களுக்குக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். தை மாதம் ஒருநாள் தாத்தாவை அங்கே கூட்டிப்போனேன். கோபுரத்தில் ஏறமாட்டேன், முழங்கால் ஒத்துக்காது என்றார். கரையில் கருவேல மரத்தடியில் குந்தினோம். தூரத்தில் சிறகிக் கூட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

'வாடைக்காத்து. தெக்கால போயி வளைஞ்சுதான் எறங்கும், பாருங்க' என்றார்.

அப்படியே இறங்கியது. எத்தனை இருக்கும் தாத்தா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அப்புறந்தான் உறைத்தது, எழுந்து அவருடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.