தைக்காமல் ஒட்டும் இரத்தப் பசை



ரப்பர் பாலில் ஆசிட் கலந்தால் என்ன ஆகும் என்று பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் போல ஓடிய பால் உறைந்து கட்டியாகிவிடும். நம் உடம்பிலும் இதே மாதிரி ஒரு வேலை நடக்கிறது. இரத்தத்தில் கரைந்துள்ள பைப்ரினோஜன் என்னும் புரதத்தைப் பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயம் பட்டதும் உண்டாகும் திராம்பின்தான் ஆசிட். இரண்டும் சேர்ந்தால் பைப்ரின் என்ற நார்வலை பின்னிக்கொண்டு இரத்தத்தை உறைய வைக்கும்.

இந்த நார்வலையையே பசையாக்கினால் என்ன என்று டாக்டர்கள் யோசித்தார்கள். ஊசி நூல் இருக்கும்போது பசை எதற்கு என்று கேட்பீர்கள். ஊசி குத்தும் ஒவ்வொரு இடமும் இன்னொரு காயம்தானே! மெல்லிய நரம்பை எத்தனை தடவை குத்துவது? ஈரலைத் தைத்தாலோ, நூலே அதை அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

1940-இல், யுத்த காலத்தில், இங்கிலாந்தில் ஜே. இஸட். யங், பீட்டர் மெடவார் என்ற இருவர், அறுபட்ட பிராணிகளின் நரம்புகளை இரத்த நீரை உறைய வைத்தே ஒட்டினார்கள். (இந்த மெடவார்தான் பின்னாளில், 1960-இல், வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர்.) 1944-இல் அமெரிக்க டாக்டர்கள் பைப்ரினோஜனையும் திராம்பினையும் கலந்து, காயத்தின் மேல் புதுத்தோல் ஒட்டிப் பார்த்தார்கள். பிடிப்பு போதவில்லை. தண்ணீர் கலந்த பால் எங்கே கெட்டியாக உறையும்? பைப்ரினோஜன் அவ்வளவு கொஞ்சமாக இருந்தது.

அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் போயிற்று. 1972-இல் வியன்னாவில் ஹெலீன் மாட்ராஸ் என்ற பெண் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் வழி கண்டார்கள். இரத்த நீரை உறைபனியாக்கி, மெல்ல இளகவிட்டால் அடியில் ஒரு வண்டல் தங்கும். அதில் பைப்ரினோஜன் செறிந்திருக்கும். அதைக் கொண்டு பிராணிகளின் நரம்பைத் தையல் இல்லாமலே சேர்த்தார்கள். சில வருஷங்களில் ஐரோப்பாவில் இந்தப் பசை விற்பனைக்கே வந்துவிட்டது.

ஆனால் பாருங்கள், அங்கேதான் ஆபத்தும் இருந்தது. பலர் கொடுத்த இரத்தத்தை ஒன்றாகக் கொட்டித்தான் பைப்ரினோஜன் எடுத்தார்கள். அதில் ஒருவருக்கு ஈரலைக் கெடுக்கும் காமாலைக் கிருமி இருந்தாலும் போதும், மொத்தமும் விஷம்தான். காயத்தை ஆற்ற வந்தது ஆளையே படுக்கப்போட்டால்? அமெரிக்க அரசு 1970-களின் பிற்பகுதியில் அப்படி எடுத்த பைப்ரினோஜனுக்கு அனுமதியை ரத்து செய்தது. அந்த நாட்டு டாக்டர்கள் ஒரே ஆளின் இரத்தத்திலிருந்து தாங்களே பசை தயாரித்துச் சமாளித்தார்கள். இரத்தம் கொடுப்பவரைச் சோதிக்கவும், எடுத்த புரதத்தில் கிருமியைச் சாகடிக்கவும் வழிகள் வந்த பிறகு, 1998-இல்தான் அங்கே அனுமதி கிடைத்தது.

இன்று இந்தப் பசை இரட்டை ஊசிக்குழாயில் வருகிறது. ஒன்றில் பைப்ரினோஜன், மற்றதில் திராம்பின். இரண்டும் நுனியில் கலந்து, காயத்தின் மேல் விழுந்து உறையும். வேலை முடிந்ததும் உடம்பே அதைக் கரைத்துவிடும். ஆனால் முழங்கால் மாதிரி இழுபடும் இடத்துத் தோலைப் பிடித்து வைக்க அதற்குப் பலம் போதாது. அங்கே இன்றைக்கும் ஊசி நூல்தான்.