கட்டத்திரை முன் நின்றவர்கள்: காலனியப் படங்களும் அவற்றை எதிர்த்த கலையும்

1869இல் லண்டன் இனவியல் சங்கத்தின் இதழில் ஜான் லாம்ப்ரே ஒரு யோசனையை வெளியிட்டார். ஏழடி உயரம், மூன்றடி அகலத்தில் ஒரு மரச்சட்டம். அதில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பட்டு நூல் இழுத்துக் கட்ட வேண்டும். ஆளை உடையின்றி அந்தக் கட்டங்களோடு சேர்த்துப் படம் பிடித்துவிட்டால், எங்கோ உட்கார்ந்திருக்கும் அறிஞர் கட்டங்களை எண்ணியே அவருடைய உடலளவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அதே ஆண்டு தாமஸ் ஹக்ஸ்லி, பிரிட்டிஷ் காலனி அலுவலகத்துக்காக இதே போன்ற விதிமுறையை வகுத்தார்: முழு உருவம், உடையில்லாமல், நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று, அருகில் அளவுகோல். பல காலனிகளிலிருந்து அவர் கேட்ட படங்கள் வந்து சேரவில்லை. மனிதர்கள் அவ்வளவு எளிதில் உடை களைந்து நிற்க இணங்கவில்லை என்பது ஒரு காரணம்.

இணங்காமல் இருக்க வழியில்லாத இடங்களில் வேலை நடந்தது. அந்தமானில் பழங்குடிகளுக்குப் பொறுப்பதிகாரியாக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மன், 1890களில் கறுப்பு வெள்ளைக் கட்டத்திரை முன் அவர்களை நிறுத்தி, பிரிட்டிஷ் மியூசியத்துக்காகப் படத்தொகுப்புகள் தயாரித்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து சாதிகளை வகைப்படுத்தினார். நீலகிரித் தொதவர்களும் கோத்தர்களும் அவர் அளவுகோலுக்குத் தப்பவில்லை. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' இன்றும் நம் ஆய்வேடுகளில் மேற்கோளாக வருகிறது.

இந்தப் படங்களைக் கொண்டே காலனியத்தைக் கேள்வி கேட்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. அதன் போக்கு, படத்தைக் காட்டுவதில் தொடங்கி மறைப்பதை நோக்கி நகர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தொடக்கத்திலேயே சிக்கல் தெரிந்துவிட்டது. 1981இல் அல்ஜீரிய எழுத்தாளர் மாலெக் அல்லூலா, பிரெஞ்சுக்காரர்கள் விற்ற அல்ஜீரியப் பெண்களின் அஞ்சலட்டைப் படங்களைத் தொகுத்து, அவை ஸ்டூடியோவில் புனையப்பட்ட பொய் என்று நூலெழுதி நிறுவினார். அட்டைகளை மறுபடி அச்சிட்டதால் அதே பார்வைக்கு அந்தப் பெண்களை இன்னொரு முறை நிறுத்திவிட்டார் என்ற விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம்தான்.

இதற்கு மறுமொழி போல அமைந்தது பெங்களூரில் உருவான படத்தொடர். சிற்பக் கலை பயின்ற புஷ்பமாலா, பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை 'தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்: பழக்க வழக்கங்கள்' என்ற தொடரைச் செய்தார். தலைப்பே பழைய இனவியல் நூல்களைக் கேலி செய்கிறது. ரவிவர்மாவின் ஓவியப் பெண், வேளாங்கண்ணி மாதா, தமிழ்ப் படத்தில் சாட்டையைச் சுழற்றும் நாயகி என்று எல்லா வேடத்தையும் தானே ஏற்றார். அந்த வரிசையில் ஒன்று தொதவப் பெண். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால அளவீட்டுப் படம் ஒன்றை ஒட்டி, கட்டத்திரை முன்னால் அவரே நிற்கிறார். பழைய படத்தில் இருந்தவருக்குத் தன்னை எப்படிக் காட்டுவது என்று முடிவெடுக்கும் உரிமை கிடையாது. இங்கே நிற்பவர்தான் திரையையும் அமைத்தவர். தெய்வமும் சினிமாவும் பழங்குடிப் பெண்ணும் ஒரே தொடரில் வருவதால், 'அசல் வகைமாதிரி' என்று ஒன்று உண்டென்ற எண்ணமே ஆட்டம் காண்கிறது. படப்பிடிப்பு நடந்த விதத்தையும் தனித் தொடராகக் காட்டிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் ஒளிய எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நகரத்துக் கலைஞர் தொதவப் பெண்ணாக வேடமிடும்போது அந்தத் தொதவப் பெண்ணின் குரல் எங்கே? பகடி கலைஞரைக் காப்பாற்றுகிறது. குரலைத் திருப்பித் தரவில்லை.

காங்கோவின் சாமி பலோஜி வேறு வழியில் போனார். லுபும்பாஷியில் பெல்ஜியச் சுரங்க நிறுவனம் விட்டுச்சென்ற படங்களிலிருந்து தொழிலாளர்களையும் அதிகாரிகளையும் வெட்டியெடுத்து, இன்று பாழடைந்து கிடக்கும் அதே சுரங்க ஆலைகளின் வண்ணப் படங்களின் மேல் பொருத்தினார். 2006இல் வந்த இத்தொடரில் குற்றச்சாட்டு இரண்டு பக்கமும் திரும்புகிறது: சுரண்டிய காலனிக்கும், பிறகு வந்து ஆலையைச் சீரழிய விட்ட ஆட்சிக்கும்.

மணிலாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஸ்டெஃபனி சியூகோவின் 2019ஆம் ஆண்டுப் படைப்பு மிக எளியது. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில், அமெரிக்கா அப்போதுதான் கைப்பற்றியிருந்த பிலிப்பைன்ஸிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்து 'கிராமம்' அமைத்து வேடிக்கை காட்டினார்கள். ஆவணக்காப்பகத்தில் இருந்த அந்தப் படங்களின் மேல் சியூகோ தன் கைகளை வைத்து முகங்களை மூடி, அப்படியே மறுபடி படமெடுத்தார். பார்க்க வந்தவருக்குக் கிடைப்பது அவருடைய விரல்களும், அவற்றைச் சுற்றித் தெரியும் கொஞ்சம் உடலும் கூரையும் மட்டுமே. நூறாண்டுகளுக்கும் மேலாக எல்லோருக்கும் திறந்து கிடந்த முகங்கள் அவை. வாதமாகப் பார்த்தால் இதுவே மூன்றிலும் வலுவானது என்பேன்.

தமிழில் இந்த விவாதம் அதிகம் நடக்கவில்லை. தர்ஸ்டன் நூலின் படங்களைச் சாதி வரலாற்று நூல்களிலும் மலர்களிலும் பெருமைக்குரிய முன்னோர் படமாக அச்சிடுகிறவர்கள், அவை எதற்காக எடுக்கப்பட்டன என்பதைப் படத்தின் கீழ் ஒரு வரியாவது எழுதியே ஆகவேண்டும்.